அலுமாரிக்குள் ஓர் அமானிதம்



இந்த இதழைச் சற்று மடித்து வைத்துவிட்டு, உங்கள் அலுமாரியின் மேல்தட்டைப் பாருங்கள். பெருநாளைக்கு மட்டும் வெளியில் வரும் விரிப்புகளுக்குப் பின்னால், பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள், உள்ளங்கையில் அடங்கும் சின்ன இறுவட்டுகள் சில கிடக்கின்றனவா? பக்கத்தில் ஒரு கறுப்புப் பைக்குள் வீடியோ கமரா ஒன்று தூங்குகிறதா? ஆம் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்காகவே எழுதப்பட்டது.

எங்கள் வீட்டுக்கு அந்தக் கமரா 2006இல் வந்தது. கட்டாரில் தொழில் செய்த மூத்த நானா விடுமுறையில் கொண்டு வந்தார். "கெசட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. எடுத்த டிஸ்க்கை அப்படியே டீவியில் போட்டுப் பார்க்கலாம்" என்று அவர் சொன்னபோது வீடே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. உம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "என்னை எடுக்காதே மகன், சட்டி பானையை எடு" என்றார்கள்.

ஆயினும் 2007ஆம் ஆண்டு நோன்பில் நானா உம்மாவை எடுத்துவிட்டார். குசினியில் கஞ்சி கொதித்துக் கொண்டிருக்கிறது. உம்மா தேங்காய் துருவிக்கொண்டே, தாம் சிறுபிள்ளையாக முதல் நோன்பு பிடித்த கதையைச் சொல்கிறார்கள். பத்து நிமிடமும் இராது. அன்று மாலை கமராவின் சின்னத் திரையிலேயே அதைப் பார்த்துச் சிரித்தோம். இறுவட்டைப் பெட்டியில் போட்டு அலுமாரியில் வைத்தோம். பத்திரமாக வைத்துவிட்டோம் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

2013இல் உம்மா மௌத்தானார்கள். 2021இல் ஒருநாள், பத்து வயதான என் மகள் கேட்டாள்: "வாப்பா, வாப்பும்மாட சத்தம் எப்படி இருக்கும்?"

உடனே எழுந்து போய் டின்னை இறக்கினேன். அதற்குள் மூன்று இறுவட்டுகள் இருந்தன. உம்மாவின் இறுவட்டை டீவீடி பிளேயரில் வைத்தேன். சற்று நேரம் சுழன்றது. பிறகு 'டிஸ்க் இல்லை' என்று திரையில் எழுத்து வந்தது. மற்ற இரண்டையும் போட்டேன், அவற்றுக்கும் அதே எழுத்துத்தான். நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த தம்பி அதைக் கம்பியூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "இது வெற்று டிஸ்க், மௌலவி. இதில் ஒன்றுமே இல்லை" என்றார். திரையில் 'ஃபோர்மட் செய்யவா?' என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவருடைய விரல் பொத்தானுக்குப் போகும்போது, ஏனென்று தெரியாமலேயே, "வேண்டாம் தம்பி, தாருங்கள்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ்! அந்த விரல் பட்டிருந்தால் உம்மாவின் குரல் அன்றோடு போயிருக்கும்.

இது என்ன பொருள்?

வீடியோ கமராக்கள் முன்னர் நாடாவில் பதிவு செய்தன. இறுவட்டில் பதிவு செய்யும் கமராவை 2000ஆம் ஆண்டில் முதலில் சந்தைக்குக் கொண்டு வந்தது ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம். 2003இல் சோனியும் இறங்கியது. வேறு நிறுவனங்களும் தொடர்ந்தன. நாடாவைப் போல் முன்னும் பின்னும் ஓட்டித் தேட வேண்டியதில்லை, டீவீடி பிளேயரில் நேரே போட்டுப் பார்க்கலாம் என்பதே இதன் கவர்ச்சி. வெளிநாட்டில் உழைத்தவர்கள் ஊரில் இருப்பவர்களுக்கு அனுப்பவும், ஊரில் எடுத்ததை அங்கு கொண்டு போகவும் இது வசதியாக இருந்தது.

சாதாரண டீவீடியின் குறுக்களவு 12 சென்ரிமீற்றர். கமரா டீவீடி 8 சென்ரிமீற்றர் மட்டுமே. பெரியதில் 4.7 ஜீபீ கொள்ளும், சின்னதில் 1.4 ஜீபீதான். எனவே சாதாரண தரத்தில் ஏறக்குறைய 30 நிமிடமும், உயர் தரத்தில் 20 நிமிடமுமே எடுக்கலாம். தரத்தைக் குறைத்தால் 60 நிமிடம் வரை எடுக்கலாம். ஒரு நிக்காஹ் வைபவத்துக்கே நாலைந்து இறுவட்டுகள் தேவைப்பட்டது இதனால்தான்.

பின்னர் மெமரி கார்டில் பதிவு செய்யும் கமராக்கள் வந்தன. கையடக்கத் தொலைபேசியே கமராவாகி விட்டது. 2010ஐ அடுத்த ஆண்டுகளில் டீவீடி கமராக்கள் கடைகளிலிருந்து மறைந்து போயின. ஆனால் எடுத்த இறுவட்டுகள் நம் அலுமாரிகளில்தான் இருக்கின்றன.

ஏன் ஓடவில்லை?

என் சகோதரியின் மகன் கம்பியூட்டர் விடயத்தில் கெட்டிக்காரன். அவன்தான் எனக்கு இதை விளக்கினான். அவனிடம் கற்றதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

எழுதி முடித்த ஒரு கொப்பிக்கு முன்பக்கத்தில் பொருளடக்கம் எழுதி, அட்டை போட்டுத் தைத்து மூடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கமரா இறுவட்டுக்கும் அப்படி ஒரு வேலை உண்டு. கமராவின் மெனுவில் அதற்கு 'ஃபைனலைஸ்' என்று பெயர். அதைச் செய்தால்தான் வேறு பிளேயர்கள் அந்த இறுவட்டில் என்ன, எங்கே இருக்கிறது என்று அறியும். செய்யாவிட்டால் எடுத்த கமராவுக்கு மட்டும் அது தெரியும், பெரும்பாலான பிளேயர்களுக்கு அது வெற்று இறுவட்டாகவே தோன்றும். நம்மவர்களில் பலர் இதைச் செய்யவே இல்லை. விளக்கப் புத்தகத்தை யார் வாசித்தார்கள்?

ஆகவே சகோதரிகளே, 'ஒன்றும் இல்லை' என்று யாராவது சொன்னால் உடனே நம்பி எறிந்துவிடாதீர்கள். இறுவட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எழுதப்பட்ட பகுதி நடுவிலிருந்து ஒரு வளையம்போல் சற்று வேறு நிறத்தில் தெரியும். வளையம் தெரிந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது.

மீட்கும் வழி

முதலில் கமராவை வெளியில் எடுங்கள். பேட்டரி செத்திருக்கும். பேட்டரி செத்தால் கமராவும் செத்துவிட்டதென்று எண்ண வேண்டாம். மின்சாரத்தில் நேரே பொருத்தும் அடப்டர் இருந்தால் அதுவே போதும். பேட்டரி ஊதிப் பெருத்திருந்தால் அதைப் பாவிக்கவும் வேண்டாம், சார்ஜ் செய்யவும் வேண்டாம். அடப்டர் தொலைந்திருந்தால், கமராவின் அடியில் எழுதியுள்ள மாதிரி இலக்கத்தையும் வோல்ட் அளவையும் குறித்துக்கொண்டு போய் அதற்குரியதையே வாங்குங்கள்.

இரண்டாவது, இறுவட்டைக் கமராவுக்குள் வைத்து அதன் திரையிலேயே ஓட்டிப் பாருங்கள். படம் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட வயர் இருந்தால் கமராவை டீவியுடன் பொருத்தி, ஃபைனலைஸ் செய்யாமலேயே முழுக் குடும்பமும் பார்க்கலாம்.

மூன்றாவது, மெனுவில் ஃபைனலைஸைத் தேர்ந்தெடுங்கள். இதைப் பேட்டரியில் செய்யாமல் அடப்டரில் செய்ய வேண்டும். சில நிமிடங்கள் எடுக்கும். இறுவட்டில் பதிவு குறைவாக இருந்தால் கூடுதல் நேரம் எடுக்கும் என்பது வேடிக்கையான விடயம், எனினும் உண்மை. முடியும்வரை கமராவை அசைக்காதீர்கள், மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'ஃபைனலைஸ்' என்பது உள்ளதை மூடிப் பாதுகாப்பது. 'ஃபோர்மட்' என்பது உள்ளதை அழிப்பது. மெனுவில் இரண்டும் அருகருகே இருக்கக் கூடும். கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொண்டு வாசியுங்கள்!

கமரா அடியோடு பழுதாகி இருந்தால், அதே நிறுவனத்தின் அதே வகைக் கமரா உறவினர் வீட்டில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதுவும் இல்லாவிட்டால், மூடப்படாத இறுவட்டுகளையும் வாசிக்கக் கூடிய ஐசோபஸ்டர் போன்ற கம்பியூட்டர் மென்பொருள்கள் உண்டு. விடயம் தெரிந்த பிள்ளை ஒன்று குடும்பத்தில் இருந்தால் இந்த வேலையை அதனிடம் கொடுங்கள். கம்பியூட்டர் 'ஃபோர்மட் செய்யவா?' என்று கேட்டால் எக்காரணம் கொண்டும் ஆம் என்று சொல்ல வேண்டாம் என்பதை மட்டும் மூன்று முறை சொல்லி அனுப்புங்கள்.

நான்காவது, பிரதி எடுத்தல். இன்றைய லப்டொப்களில் டீவீடி வைக்கும் இடம் பெரும்பாலும் இல்லை. யூஎஸ்பியில் பொருத்தும் டீவீடி டிரைவ் ஒன்று தேவை. தட்டு வெளியே வந்து, நடுவில் 'கிளிக்' என்று இறுவட்டை அமர்த்தும் வகையாக அது இருக்கட்டும். வாயால் விழுங்குவதுபோல் இழுத்துக்கொள்ளும் வகையிலும், கார்களில் உள்ள அப்படியான பிளேயர்களிலும் சின்ன இறுவட்டைப் போடாதீர்கள். உள்ளே சிக்கிக்கொள்ளும்.

இறுவட்டைத் திறந்தால் உள்ளே 'வீடியோ டீஎஸ்' என்றொரு பெட்டகம் தெரியும். அதை முழுமையாக அப்படியே கம்பியூட்டருக்குப் பிரதி செய்யுங்கள். வீஎல்சி என்னும் இலவச மென்பொருளில் அது ஓடும். தொலைபேசியில் பார்ப்பதற்காக எம்பீ4 ஆக மாற்றுவதென்றால் வேறொரு பிரதியில் மாற்றுங்கள், மூலப் பிரதியைத் தொடாதீர்கள். ஓர் இறுவட்டு 1.4 ஜீபீதானே! ஆகவே 64 ஜீபீ பென் டிரைவ் ஒன்றிலேயே நாற்பது இறுவட்டுகள் அடங்கிவிடும்.

ஆனால் ஒரு பிரதி போதாது. ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும், மற்றொன்று ராத்தா வீட்டிலோ நானா வீட்டிலோ இருக்கட்டும். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி வந்தபோது நமது கரையோர ஊர்களில் எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் வீட்டோடு போயின. மௌத்தான பிள்ளையின் ஒரு படம்கூட இல்லாத தாய்மாரை நாம் கண்டோம். ஒரே வீட்டில் இரண்டு பிரதி வைப்பதும் ஒரு பிரதி வைப்பதும் ஒன்றுதான்.

வெயில் தின்றது

எங்களுடைய கதைக்கு வருகிறேன். நானாவின் கமரா பரணில் இருந்தது. மருமகன் அதற்குரிய அடப்டரைத் தேடி வாங்கி வந்தான். டின்னில் இருந்த மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெற்றன. உம்மா தேங்காய் துருவினார்கள், கதை சொன்னார்கள். என் மகள் ஒன்றும் பேசாமல் மூன்று முறை பார்த்தாள். பிறகு, "வாப்பும்மா பெரியம்மாவப் போலவே பேசுறாங்க" என்றாள். என் ராத்தா முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆனால் எங்களிடம் நான்காவது இறுவட்டு ஒன்றும் இருந்தது. அதில் எங்கள் வாப்பா இருந்தார்கள். எல்லோரும் காண வேண்டும் என்று ஆசைப்பட்டு, அதை மட்டும் அழகான பெட்டியில் போட்டு, மேலே பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, முன் விறாந்தையின் ஷோகேஸில் வைத்திருந்தோம். ஜன்னல் ஓரம் அது. பல ஆண்டுகள் காலை வெயில் அதன்மீது விழுந்தது. கமராவும் அதை வாசிக்கவில்லை, கம்பியூட்டரும் வாசிக்கவில்லை. வாப்பாவின் குரல் இன்று எங்களிடம் இல்லை.

மிகவும் மதித்ததே போய்விட்டது. காரணம் எளிது. வீட்டில் பதிவு செய்யும் இறுவட்டுகளில் ஒளி பட்டு மாறும் ஒரு பூச்சு உண்டு. கமராவின் லேசர் ஒளி அதில்தான் எழுதுகிறது. வெயிலும் வெப்பமும் ஈரப்பதமும் அந்தப் பூச்சை மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. நமது நாட்டில் இந்த மூன்றுக்கும் குறைவில்லையே!

எனவே இறுவட்டை வெளிச்சம் படாத, ஈரமில்லாத, குளிர்ந்த இடத்தில், பெட்டிக்குள் செங்குத்தாக வையுங்கள். ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். அது எடையை ஒரு பக்கம் சாய்க்கும், பசையும் கெடுதி செய்யும். மேற்பக்கத்தில் மென்மையான முனையுள்ள, இறுவட்டுக்கென்றே விற்கும் பேனையால் எழுதுங்கள். துடைப்பதென்றால் மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். இவ்வளவும் செய்தாலும் இறுவட்டு நிரந்தரமல்ல. பிரதி எடுப்பதே பாதுகாப்பு.

அமானிதத்தின் மறுபக்கம்

உருவங்களைப் பதிவு செய்வது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. ஆனால் எடுத்தாகிவிட்ட ஒன்று கையில் இருக்கும்போது அதை ஓர் அமானிதமாகவே நான் கருதுகிறேன். அமானிதத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. உரியவருக்கு அதைத் தொலைக்காமல் காப்பது ஒன்று. உரிமையில்லாதவருக்கு அதைக் காட்டாமல் காப்பது மற்றொன்று.

எங்கள் உறவுப் பெண் ஒருவரின் நிக்காஹில், பெண்கள் பகுதியைப் பெண் ஒருவரே எடுத்தார். முக்காடின்றி, சிரித்துப் பேசி, பாட்டுப் பாடி இருந்த பொழுது அது. பிரதி எடுப்பதற்காக அந்த இறுவட்டு ஒரு கடையில் இரண்டு நாள் கிடந்தது. சில மாதங்களின் பின் அதில் ஒரு பகுதி யாரோ ஒருவரின் தொலைபேசியில் காணப்பட்டதாகச் செய்தி வந்தது. எந்தக் கடை, யார் செய்தது என்பதல்ல இங்கு பேச்சு. கொடுத்தவர்கள் நாங்கள்தானே! அந்தப் பெண் அதன் பிறகு பல வருடங்கள் எந்த வைபவத்திலும் பெண்களோடு கூட மனம் திறந்து உட்காரவில்லை. வாசலிலேயே, "கமரா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அவரிடமிருந்து நாங்கள் பறித்ததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ஆகவே சில விடயங்களை மனதில் கொள்ளுங்கள்.

பெண்கள் பகுதி அடங்கிய இறுவட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டிலேயே, நம்பிக்கையான பெண்பிள்ளை அல்லது மஹ்ரமான ஒருவரைக் கொண்டு பிரதி எடுங்கள்.

அதில் இருக்கும் சகோதரிகளிடம், "உங்கள் படம் என்னிடம் இருக்கிறது, வைத்திருக்கலாமா?" என்று கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால் அவர் வரும் பகுதியை எல்லாப் பிரதிகளிலிருந்தும் நீக்குங்கள். பதினைந்து வருடத்துக்கு முன் அவர் சம்மதித்தார் என்பது இன்றைக்குப் போதாது.

குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். குழுவில் போட்டது குழுவோடு நிற்பதில்லை. உங்கள் தொலைபேசி எடுக்கும் படங்களைத் தானாகவே இணையத்தில் சேமிக்கிறதா, அந்தக் கணக்கை வேறு யார் திறக்கலாம் என்பதையும் பாருங்கள்.

வேண்டாத இறுவட்டை முழுதாகக் குப்பையில் போடாதீர்கள். கனமான கத்தரிக்கோலால் நாலு துண்டாக வெட்டுங்கள். கமராவை யாருக்காவது கொடுப்பதென்றால் உள்ளே இறுவட்டோ மெமரி கார்டோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

இன்று எடுப்பவர்களுக்கு

"எங்களிடம் அந்தக் கமரா இல்லை, போன்தான் இருக்கிறது" என்பீர்கள். நோய் அதேதான் சகோதரிகளே! அன்று முப்பது நிமிடத்தில் இறுவட்டு முடிந்துவிடும் என்று யோசித்து எடுத்தோம். இன்று யோசிக்காமல் எடுக்கிறோம். ஆயிரம் வீடியோ இருக்கும். போன் தண்ணீரில் விழுந்தால் ஆயிரமும் போகும்.

அலங்காரங்களை எடுப்பதை விட மனிதர்களைப் பேச வைத்து எடுங்கள். வட்டிலப்பத் தட்டு எல்லா வீட்டிலும் ஒன்றுதான், அதைச் செய்யும் உம்மும்மாவின் கை ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. அவர்களிடம் அனுமதி கேட்டு, அருகில் போய் உட்கார்ந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுங்கள். காற்றின் இரைச்சல் குரலை விழுங்கிவிடும். கமராவை அங்குமிங்கும் ஆட்டாமல் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு, ஒரு கேள்வி கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். தொடக்கத்தில் திகதி, இடம், இருப்பவர்களின் பெயர் ஆகியவற்றை வாயால் சொல்லுங்கள். எங்கள் இறுவட்டு ஒன்றில் உம்மாவின் அருகில் ஒரு மூதாட்டி இருந்து சிரிக்கிறார். அவர் யாரென்று இன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே, வரும் வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த டின்னை இறக்குங்கள். ஒரு கொப்பியை எடுத்து ஒவ்வோர் இறுவட்டுக்கும் இலக்கமிட்டு, யார் இருக்கிறார், எந்த ஆண்டு என்று எழுதுங்கள். மூத்தவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். அடப்டரைத் தேடுங்கள். இல்லையென்றால் இரவல் கேளுங்கள். இந்த மாதமே செய்யுங்கள். பூட்டி வைத்ததெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துத்தான் நாங்கள் வாப்பாவின் குரலை இழந்தோம்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைத் தொலைக்காமலும், துரோகம் செய்யாமலும் காக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.